பனாட்டு: யாழ்ப்பாணத்து வீட்டுற்பத்தி ஒன்றின் சமூக வரலாறு

யாழ்ப்பாணத்தின் பொருளாதார வரலாறு பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை நோக்கும்போது, முத்து, சங்கு, யானை, புகையிலை, பனைமரச் சலாகை ஆகியன அவற்றில் உரிய இடத்தைப் பெற்றிருத்தலைக் காணலாம். இவையாவும் துறைமுகத்தைக் கடந்து சென்ற பொருள்கள். அரசுக்கு வரி ஈட்டிக் கொடுத்த பொருள்கள். ஆதலால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவருடைய ஏடுகளிலும் அவை பதிவாயின. ஆனால் வீட்டு முற்றத்தில் காய்ந்து, அடுப்புப் புகையில் தொங்கி, மாரி காலத்தில் உண்டு முடிந்த பொருள்களுக்கு அத்தகைய ஏடுகள் இல. ஏடு இன்மையால் வரலாறும் இன்று என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்தற்குப் பனாட்டு தக்கதோர் உதாரணமாகும்.

பழுத்த பனம்பழத்தின் களியைப் பாயிலே பரவி, வெயிலிற் காயவைத்துப் பெறப்படும் தட்டே பனாட்டு. அதனைத் துண்டுகளாக்கிப் பனம்பாணியில் ஊறவைத்தால் அது பாணிப் பனாட்டு. முன்னது பசி தீர்க்கும் உணவு. பின்னது இனிப்புப் பண்டம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுவையோடு மட்டும் நின்றுவிடுவதன்று. அவ்வேறுபாட்டினுள்ளே யாழ்ப்பாணச் சமூகத்தின் உழைப்புப் பகுப்பும் சாதியமைப்பும் பொதிந்துள்ளன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

பனாட்டு என்னும் சொல் மிகத் தொன்மையானது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலிலே, பனை என்ற சொல்லின் முன் அட்டு என்ற சொல் வந்து புணருமிடத்து நிலைமொழியீற்று ஐகாரம் கெட்டு ஆகாரம் தோன்றும் என விதி கூறப்பட்டுள்ளது. அதற்கு உதாரணமாக வருவது பனாஅட்டு என்னும் வடிவமாகும். பனங்காய் போன்ற சொற்கள் அம்முச் சாரியை பெறும் பொதுவிதியில் அடங்க, இவ்வொரு சொல்லுக்காகவே இலக்கணகாரர் தனிச் சூத்திரம் செய்ய நேர்ந்தது. அன்றாட வழக்கிற் பயிலாத ஒரு சொல்லுக்கு இத்தகைய தனிவிதி வேண்டப்பட்டிராது என்று கொள்வது பொருந்தும்.

எனினும், அச்சொல் அக்காலத்தில் எப்பொருளைக் குறித்தது என்பதில் எச்சரிக்கை தேவை. அட்டு என்பதை அடுதல், அதாவது சமைத்தல், என்னும் வினையடியோடு தொடர்புபடுத்தினால், காய்ச்சி இறுக்கிய பாகு அல்லது கட்டி என்ற பொருளே முதலில் தோன்றும். யாழ்ப்பாணத்துப் பனாட்டோ அடுப்பேறாதது. அதனைச் சமைப்பது வெயிலே. எனவே இலக்கண நூலிற் காணப்படும் பனாஅட்டும் நம் முற்றத்துப் பனாட்டும் ஒரே பொருளென முடிவு கட்டுதல் அவசரமாகும். வடிவம் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது. பொருள் இடையில் நகர்ந்திருத்தல் கூடும். சாறு இறுகினாலும் களி இறுகினாலும், பனையின் இனிப்பை இறுக்கிப் பேணுதல் என்ற கருத்து இரண்டிற்கும் பொதுவாதலின் அந்நகர்வு இயல்பானதே. பழம்பெருமை பேசுவதற்காக இவ்வேறுபாட்டை மறைத்தல் ஆய்வு நெறியாகாது.

2. செய்முறை

பனை ஆண், பெண் என வேறுபட்ட மரம். பழம் தருவது பெண் பனையே. ஆடி மாதத்தின் பிற்பகுதியிலிருந்து புரட்டாதி வரை பழங்கள் தாமாகவே முற்றி விழும். அவ்வாறு விழுந்தவற்றை விடியற்காலையிலேயே பொறுக்கிவிட வேண்டும். பிந்தினால் மாடும் வண்டும் பங்குக்கு வந்துவிடும். பொறுக்குவோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமாவர்.

பொறுக்கிய பழத்தைக் கழுவி, காம்படியில் உள்ள மூடியை நீக்கி, கரிய தோலை உரிப்பர். உள்ளே, பெரும்பாலும் மூன்று கொட்டைகளைச் சுற்றித் தும்போடு பிணைந்த செம்மஞ்சட் களி காணப்படும். சிறிது நீர் தெளித்து அதனைப் பிசைந்து பிழிதலே இத்தொழிலின் கடினமான கட்டமாகும். தும்பு எளிதிற் களியை விட்டுக்கொடுப்பதில்லை. பல பழங்களைப் பிசைந்தவரின் கைகள் மஞ்சளேறித் தோலும் எரியும். பிழிந்த களியிலிருந்து தும்பை அகற்றி, பரண்மேல் விரித்த பனையோலைப் பாயில் மெல்லிதாகப் பூசுவர். அது காய்ந்தபின், மறுநாள் பிழிந்த களி அதன்மீது பூசப்படும். இவ்வாறு இரண்டு மூன்று வாரங்கள் படைமேற் படையாக ஏறிய களி, தடித்த தோல் போன்ற தட்டாக இறுகும். பனியும் மழையும் படாதவாறு இரவில் மூடவும், காலையில் திறக்கவும், எறும்பும் ஈயும் மொய்க்காமற் பார்க்கவும் ஒருவர் எப்போதும் அருகிலிருத்தல் வேண்டும். இறுகிய தட்டைப் பாயிலிருந்து உரித்து, மடித்து அல்லது வெட்டி, ஓலைப் பெட்டிகளில் இட்டு, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டுப் பேணுவர்.

இம்முறை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. ஆந்திரக் கரையோரத்தில் மாம்பழச் சாற்றை ஓலைப்பாயிற் படைபடையாகக் காயவைத்துத் தாண்ட்ரா எனும் பண்டம் செய்யப்படுகிறது. அங்கே பனம்பழத்திலும் தாண்ட்ரா செய்வதுண்டு. ஆயின் மாம்பழத் தாண்ட்ராவில் சாற்றோடு சர்க்கரை சேர்த்தே காயவைத்தல் பெருவழக்கு. பனாட்டிலே காயும்போது இனிப்புச் சேர்ப்பதில்லை. சேர்ப்பதானால் காய்ந்தபின்னரே, பாணியாகச் சேர்க்கப்படும். பனாட்டு இனிப்பாகவும் இருக்கலாம், இனிப்பின்றியும் இருக்கலாம் என்ற இந்நிலை, பின்னர் நாம் நோக்கவிருக்கும் சமூக வேறுபாட்டுக்கு இடமளித்தது.

பனங்களியில் இனிப்போடு ஒரு கைப்பும் உண்டு. எந்த மரத்துப் பழம் இனிக்கும், எது கைக்கும் என்பதை மரம் மரமாக அறிந்து வைத்திருத்தல் பழம் பொறுக்குவோரின் அறிவாகும். அக்கைப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் எனப்படும் சபோனின் வகைச் சேர்வைகள் என்பதை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற்காலத்தில் நிறுவினர். சபோனின் நீரில் நுரைக்கும் தன்மையது. யாழ்ப்பாணத்தவர் பனங்களியைத் துணி வெளுக்கவும் பயன்படுத்தியமைக்கான விளக்கம் இதிலிருந்தே கிடைக்கிறது. ஆய்வுகூடம் பெயரிடுவதற்கு நெடுங்காலம் முன்னரே, களியின் இவ்விரு இயல்புகளும் முற்றத்தில் அறியப்பட்டிருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

3. ஆண்டின் சுழற்சியில் பனாட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல. நெற்செய்கை வடகீழ்ப் பருவக்காற்று மழையை நம்பியே நடைபெறுவது. ஐப்பசி தொடங்கி மழை பொழியும் மாதங்களில் பயிர் நிலத்தில் நிற்கும், கூடை வெறுமையாயிருக்கும். தையில் அறுவடை வரும்வரை வறிய குடும்பங்கள் எதை உண்டன என்ற வினாவுக்கான விடையின் ஒரு பகுதி பனாட்டிலே உள்ளது. வெயில் மிகுந்த ஆவணி, புரட்டாதி மாதங்களில் பழத்தைக் காயவைத்து, வெயிலற்ற மாதங்களில் உண்ணுதல் இவ்வேற்பாட்டின் அடிப்படையாகும். மழை முந்தினால் பாயிலேயே களி பூஞ்சணம் பிடித்து அழியும். எனவே பனாட்டிடுதல் காலத்தோடு நடத்தப்படும் ஓர் ஓட்டமாகவே இருந்தது.

களி பிழிந்த கொட்டைகளும் வீணாவதில்லை. அவற்றைப் பாத்தியில் அடுக்கி மண் மூடினால், மாரி மழையில் முளைத்துத் தை, மாசியிற் கிழங்காகும். கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது ஒடியல். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். பனாட்டு மாரியைக் கடக்க உதவ, ஒடியல் கோடையைக் கடக்க உதவியது. ஒரே பழத்தின் களியும் விதையும் ஆண்டின் இரு பஞ்சகாலங்களைப் பகிர்ந்துகொண்டன எனலாம்.

வில்லியம் பேர்குசன் 1850இல் வெளியிட்ட பனை பற்றிய நூலில் பனாட்டையும் குறிப்பிடுகிறார். அது பாய்க் கணக்கில் விற்கப்பட்டதென்றும், தீவுப்பகுதி மக்களுக்கும் குடாநாட்டின் வறியோருக்கும் ஆண்டிற் சில மாதங்கள் முதன்மை உணவாயிருந்ததென்றும் அவர் எழுதியதிலிருந்து இரு செய்திகள் பெறப்படும். ஒன்று, பனாட்டு வீட்டுத் தேவையைக் கடந்து ஓரளவு சந்தைப் பொருளாகவும் இருந்தமை. மற்றது, அது யாருடைய உணவாகக் கருதப்பட்டது என்பது. பனைக்கு 801 பயன்களைக் கூறுவதாகச் சொல்லப்படும் தால விலாசம் என்ற தமிழ்ச் செய்யுள் நூலையும் அக்காலத்து ஐரோப்பியர் வியப்போடு எடுத்துக்காட்டினர். பயன்களின் தொகை பேசப்பட்ட அளவுக்கு, அப்பயன்களை உண்டாக்கிய கைகள் பேசப்படவில்லை.

ஆட்சியாளரின் நோக்கு வேறாக இருந்தது. ஒல்லாந்தருக்குப் பனை ஏற்றுமதி செய்யத்தக்க மரமாகத் தென்பட்டது; ஆங்கிலேயருக்குக் கள், சாராய வரியின் ஊற்றாகத் தென்பட்டது. மரம் தறிக்கப்படும்போது சலாகை கிடைக்கும், பழம் நின்றுவிடும். பாளை சீவப்படும்போது கள் கிடைக்கும். சீவப்பட்ட பாளையில் காய் பிடிக்காது. எனவே மரத்தின் எப்பயன் கொள்ளப்படவேண்டும் என்ற வினா, யாருடைய தேவை முதன்மை பெறவேண்டும் என்ற வினாவேயாகும். வருமான ஏட்டில் இடம்பெறாத பனாட்டு, இப்போட்டியில் தனக்காகப் பேசுவோர் இன்றியே நின்றது.

4. பாணிப் பனாட்டும் உழைப்புப் பகுப்பும்

பாணிப் பனாட்டுக்கு இரு மூலங்கள் வேண்டும். பனாட்டு ஒன்று; பனம்பாணி மற்றொன்று. பாணிக்கு மூலமான கருப்பநீர், பழக்காலத்துக்கு முந்திய மாதங்களில் இறக்கப்படுவது. பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியைக் கட்டினால், சாறு புளிக்காது கருப்பநீராகக் கிடைக்கும்; சுண்ணாம்பின்றேல் அது கள்ளாகும். கருப்பநீரைக் காய்ச்சினால் முதலிற் பாணி. மேலும் காய்ச்சிக் குட்டான்களில் வார்த்தாற் பனங்கட்டி. இவ்வாறு முன்னரே காய்ச்சி வைத்த பாணியில், பின்னர் காய்ந்த பனாட்டுத் துண்டுகளை இட்டு, வாசனைப் பொருள்கள் கூட்டி, பானையில் மூடி ஊறவைப்பர். கூட்டும் பொருள்கள் வீட்டுக்கு வீடு வேறுபடும். வசந்தகாலத்துச் சாறும் ஆவணிப் பழமும் ஒரே பானையிற் சந்திக்கின்றன.

அங்கு சந்திப்பவை இரு பருவங்கள் மட்டுமல்ல. தோப்புகள் பெரும்பாலும் வேளாளர் உடைமையாயிருந்தன. மரமேறுந் தொழில் நளவர், பள்ளர் ஆகிய ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது வழிவழியாகச் சுமத்தப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு இருமுறை பல மரங்களில் ஏறியிறங்கும் இத்தொழிலில், தவறி விழுந்து ஊனமுறுதலும் உயிரிழத்தலும் நிகழ்வதுண்டு. இறக்கிய கருப்பநீரை விறகு தேடி, புகையில் நின்று காய்ச்சியவர்கள் அவ்வீடுகளின் பெண்கள். ஆகவே பாணிப் பனாட்டின் ஒவ்வொரு துண்டிலும் மூன்று உழைப்புகள் அடங்கியுள்ளன: மரமேறியவரின் உழைப்பு, பாணி காய்ச்சிய பெண்ணின் உழைப்பு, களி பிசைந்த பெண்ணின் உழைப்பு. இவற்றுள் முதலாவது குறைந்த கூலியைப் பெற்றது; ஏனைய இரண்டும் பெரும்பாலும் கூலியென்ற ஒன்றையே பெறவில்லை.

இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கற்பாலது. தீண்டாமை கடுமையாக நிலவிய காலத்தில், பாணியைக் காய்ச்சியவர் உயர்சாதியார் வீட்டினுள் நுழைய முடியாதிருந்தது. அவரது பாணி நுழைந்தது. அடுக்களையிலே அது பனாட்டோடு கலந்து விருந்தினருக்குப் பரிமாறப்பட்டது. பொருளில் தீட்டு இல்லை. ஆளிலேதான் தீட்டு இருந்தது. 1960களில் தேநீர்க்கடைப் பிரவேசம், ஆலயப் பிரவேசம் ஆகியவற்றுக்காக நடைபெற்ற போராட்டங்கள் இம்முரண்பாட்டின் வெளிப்படையான வடிவத்தை எதிர்த்தன. அடுக்களைப் பானையினுள் இருந்த அதன் அமைதியான வடிவம் அத்துணை பேசப்படவில்லை.

பாணி வாய்க்காத வீட்டில் பனாட்டு வெறுந்துண்டாகவே உண்ணப்பட்டது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது மாலை உணவு. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குப் பாணியில் ஊறிய அதே துண்டு தின்பண்டம். ஒரே பொருள் ஒரு வீட்டில் பசியையும் மற்றொரு வீட்டில் சுவையையும் குறித்தது. நினைவுக் கட்டுரைகளிலும் கதைகளிலும் பனாட்டு இனிய நினைவாகவே பெரிதும் இடம்பெறுவதற்குக் காரணம், எழுதும் வாய்ப்பு எவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலிற் கிடைத்தது என்பதிலே தேடப்பட வேண்டியது.

5. சீனியும் மாவும்

பனாட்டின் இடத்தைச் சுருக்கிய முதற் காரணி இறக்குமதியாகும். பர்மா அரிசியும், பின்னர் கோதுமை மாவும் சீனியும் மலிவாகக் கிடைத்தபோது, பல வாரங்கள் கையெரியப் பிசைந்து காயவைக்கும் தேவை குறைந்தது. பனங்களியின் பயன்பாடும் மாறியது. களியோடு கோதுமை மாவும் சீனியும் கலந்து எண்ணெயிற் பொரிக்கும் பனங்காய்ப் பணியாரம் அன்றே செய்து அன்றே உண்பது. ஒரு மாலைப்பொழுது அதற்குப் போதும். பேணிவைத்தலிலிருந்து உடன் உண்ணலுக்கு நிகழ்ந்த இம்மாற்றம், வீட்டின் உணவுப் பாதுகாப்புத் தோப்பிலிருந்து கடைக்குப் பெயர்ந்தமையின் அறிகுறியாகும்.

ஆயினும் கடை அடைபட்ட போதெல்லாம் பனை நினைவுக்கு வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரத்து நின்று, இலங்கையிற் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 1970 முதல் 1977 வரையான ஐக்கிய முன்னணி ஆட்சியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர் உற்பத்திக்கு ஊக்கமளித்தன. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் அதனாற் பயனடைந்தனர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் நிலைமை மீண்டும் மாறியது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலோ, சவர்க்காரம் அரிதானபோது மக்கள் பனங்களியாலேயே துணி துவைத்தனர். பாட்டியர் காலத்து அறிவு பழங்கதையன்று என்பதை அந்த ஆண்டுகள் கசப்போடு உணர்த்தின.

அதே போர் பனையையும் அழித்தது. காவலரண்களுக்காகப் பனங்குற்றிகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. எறிகணைகளால் தலையிழந்த மரங்கள் பல. பனை காய்க்கத் தொடங்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதை நினைத்தால், இவ்விழப்பின் நீளம் புலப்படும். 1995இல் இடம்பெயர்ந்தும், பின்னர் மீண்டும் மீண்டும் பெயர்ந்தும் வாழ்ந்த குடும்பங்களுக்கு, மூன்று வாரங்கள் ஒரே முற்றத்தில் ஒரே பாயைக் காத்திருத்தல் இயலாத காரியமாயிற்று. பனாட்டிடுவதற்குப் பழம் மட்டும் போதாது; நிலைத்த முற்றமும் வேண்டும்.

6. நிறுவனமும் அறிவும்

பனை வளத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்தும் முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. 1970களின் முற்பகுதியில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் மரமேறும் தொழிலாளரை இடைத்தரகரிடமிருந்து விடுவிக்கும் நோக்குடையனவாய் அமைந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. சபையின் கற்பகம் விற்பனை நிலையங்கள் பனம்பொருள்களை நகரச் சந்தைக்குக் கொண்டுவந்தன. கைதடியிற் பனை ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. தூய நீர், மூடிய உலர்த்திகள், சீரான பொதி ஆகியவற்றால் பனாட்டு தூய்மையும் தரமும் பெறுதல் வரவேற்கத்தக்கதே.

எனினும் ஒன்றை வினவுதல் வேண்டும். உறையில் அடைபட்டு, புலம்பெயர்ந்தோரின் ஊர்நினைவுக்காக வாங்கப்படும் பனாட்டின் விலையில், களி பிசைபவருக்கு எவ்வளவு சேர்கிறது? பண்டைய முறையில் அவர் உழைப்பு குடும்பக் கடமை என்ற பெயரில் மறைந்தது. புதிய முறையில் அது பாரம்பரியம் என்ற பெயரில் மறைதல் கூடும். மறைக்கும் சொல் மாறுவதால் மட்டும் உழைப்பவர் நிலை மாறிவிடாது.

முடிவுரை

பனாட்டின் வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த மக்கள், வெயிலைக் கொண்டே மாரியை வென்ற ஓர் உணவு முறையைத் தம் அனுபவத்தால் உருவாக்கினர். அம்முறையைத் தாங்கியவர்கள் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர். மரத்தைப் போற்றிய எழுத்து அவர்களைப் பதிவு செய்யத் தவறியது. கற்பகதரு எனப் பனையை வாழ்த்துவது எளிது. கற்பகதரு கேட்டதைத் தானே தரும் என்பர். பனையோ எவரோ ஏறாமலும், எவரோ பொறுக்காமலும், எவரோ பிசையாமலும் ஒருவருக்கும் எதனையும் தந்ததில்லை.

ஏட்டிலே இல்லாத இவ்வரலாற்றின் எஞ்சிய சான்றுகள் முதிய பெண்களின் நினைவிலும் கைப்பழக்கத்திலும் உள்ளன. எம்மரத்துப் பழம் இனிக்கும், எத்தனை படை ஏறினால் தட்டு இறுகும், பாணி எப்பதத்தில் இறக்கப்படவேண்டும், எவ்வீட்டுக்கு எவர் பாணி கொடுத்தார், அதற்கு ஈடாக என்ன பெற்றார் என்பனவெல்லாம் ஊர்தோறும் சேகரிக்கப்படவேண்டிய வரலாற்றுச் செய்திகளாகும். அவற்றைச் சேகரிக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தம் சொந்த வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்கலாம். ஆண்டுதோறும் அச்சான்றுகள் குறைந்து வருகின்றன. பனாட்டிடுவோரைப் போலவே நமக்கும் மழை முந்திக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.